ஒன்பது நிமிஷம் கம்மி

அவளுக்குன்னு அழகா ஒரு பேர் இருக்கு. அது சர்டிஃபிகேட்ல தூங்குது. வீட்ல, தெருவுல, வேல பாக்கற ஸ்டூடியோல எல்லாம் அவ பேரு ரிமோட். ஏன்னா அவகூட உக்காந்து ஒரு படத்த நிறுத்தாம முழுசா பாத்த மனுஷன் இன்னும் பொறக்கல. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ நிறுத்துவா.

"இரு இரு இரு! பின்னாடி கடிகாரம் பாரு. பத்தே கால். இப்ப வில்லன் கைய ஓங்குவான், அறைவான்... அறைஞ்சானா? இப்ப பாரு கடிகாரத்த. மூணு மணி! ஒரு அறை போய்ச் சேர அஞ்சு மணி நேரம் ஆயிருக்கு! தபால்ல அனுப்பிருப்பான் போல!"

தபாலாபீஸ் பார்சல் கவுண்டர்ல வேல பாக்கற அவங்கம்மா அத கேட்டு, "எங்க தபால இழுக்காட்டி உனக்கு சோறு எறங்காதா?"ன்னு கேப்பாங்க. பாத்துட்டிருந்த படம் அதோட போச்சு.

பகல்ல அவளுக்குக் கல்யாண வீடியோ எடிட் பண்ற வேல. யாரோ முன்னபின்ன தெரியாத மாப்ளையோட சித்தப்பா டான்ஸ் ஆடறத நாலு மணி நேரம் உத்துப் பாத்து, அதுல பாக்கற மாதிரி இருக்கற பன்னண்டு செகண்ட தேடி எடுக்கணும். அந்தக் கண் வலிக்கு மருந்தா வாரக் கடைசில பழைய படம். "திரும்பப் பாத்தா"ன்னு ஒரு சேனல் வச்சிருக்கா. ஊரே கும்பிடற படம், ஊரே மறந்துபோன படம், எதா இருந்தாலும் மறுபடி பாத்துட்டு வாய்க்கு வந்தபடி பேசுவா. பன்னண்டு பேர அடிச்சுப் போட்டும் ஹீரோ சட்டைப்பை சீப்பு ஏன் கீழ விழல? எல்லா வில்லனும் மாடிலேர்ந்து எறங்கிட்டேதான் பேசணுமா, ஒருத்தனுக்குக்கூட முட்டி வலி கிடையாதா? டாக்டர் கண்ணாடியக் கழட்டினா ஆள் காலின்னு ஊருக்கே தெரியும்போது அந்தாளு கண்ணாடிய மாட்டிட்டே சொல்லித் தொலச்சா என்ன, பொழச்சாவது போவாங்கல்ல?

ஆனா கிண்டல் பண்ணிட்டே இருக்கறவ திடீர்னு நிறுத்திட்டு வாயப் பொளந்துட்டு உக்காந்திருவா. ஒரு மழ சீன். ஒரு முகம். "யப்பா... எப்படிடா எடுத்தாங்க இத?" அந்த இடத்துக்காகத்தான் பாதிப் பேர் அவ சேனலப் பாத்தாங்க. நக்கலடிக்க எல்லாருக்கும் வரும். அவள மாதிரி அசந்து போறதுக்குத்தான் ஆள் கம்மி.

அவள ரொம்ப அசர வச்ச படம் "நீலக் கதவு". ஆறு வயசுலேர்ந்து பாக்கறா, நாப்பது தடவைக்கு மேல இருக்கும். கதை இவ்ளோதான். தெருக்கோடில நீலக் கதவு போட்ட ஒரு வீடு. அம்மா வீட்லயே மிஷின் போட்டுத் துணி தைக்கறவ, அப்பா பஸ் டிரைவர், ஒரே பொண்ணு. ஒரு மத்தியானம் அம்மா கதவச் சாத்தறா. கை மட்டும் பெருசா தெரியுது. தாழ்ப்பாள நகத்தறா. டக். அடுத்த செகண்ட் ரயில்! பதினாலு வருஷம் போயாச்சு! வளந்துட்ட பொண்ணு ரயில் ஜன்னல் ஷட்டரத் தூக்கறா. டக். அதே சத்தம். அதுக்கப்புறம் அம்மா படத்துல வரவே மாட்டா. எங்க போனா, ஏன் போனா, ஒருத்தரும் பேச மாட்டாங்க.

இந்த ஒரு வெட்டப் பத்தி மட்டும் இருபது நிமிஷம் பேசி ஒரு வீடியோ போட்டா. பேரு, "பதினாலு வருஷத்த முழுங்கின ஒரு டக்". அதுலயும் கிண்டலுக்குக் கொறச்சல் இல்ல. பிற்பாதில பஸ் டிரைவர் தொப்பில எப்பவும் ஊசியும் நூலும் குத்தி வச்சிருக்காரே, டிக்கெட் கிழிஞ்சா தைக்கவா? பொண்ணு போடற எல்லாச் சட்டைலயும் ஒரு கைய மட்டும் மடிச்சு விட்டுக்கறாளே, துணி எடுத்துக் குடுக்கறவரு பாதில தூங்கிட்டாரா? தையல் மிஷினக் கிளிக்கூண்டு மாதிரி ஏன் மூடியே வச்சிருக்காங்க? எல்லாம் சொல்லிட்டுக் கடைசில குரல் தழுதழுத்து, "ஆனா அந்த டக் இருக்கே... ஒரு பொம்பள கதவச் சாத்திட்டு வீட்ட விட்டே போறா. அழுகை கிடையாது, விளக்கம் கிடையாது. இந்தக் கட்டப் போட்ட எடிட்டரம்மா கால்ல விழலாங்க"ன்னு முடிச்சா.

ரெண்டு லட்சம் பேர் பாத்தாங்க. படம் டேப் காலத்தோட காணாமப் போனதால முக்காவாசிப் பேர் அதப் பாத்ததே இல்ல. வயசானவங்க நாலஞ்சு பேர் மட்டும் கீழ வந்து எழுதினாங்க. "அம்மா எறந்துபோற இடம் எங்கம்மா?" இவ விடுவாளா? "மாமா, நீங்க வேற படத்தோட போட்டுக் கொழப்பிக்கறீங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க." ஒருத்தர் மட்டும் விடாம கேட்டாரு. "உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டுட்டு எப்படிம்மா வீட்ட விட்டுப் போவாங்க?" அதுக்கு அவ, "அதான் மாமா சினிமா"ன்னு ஒரு சிரிப்புப் பொம்மையோட பதில் போட்டு அவர் வாய அடச்சிட்டா.

இப்படி இருக்கப்போதான் ஃபிலிம் கிளப் செகரட்டரி போன் பண்ணாரு. அவருக்கும் இவ வயசுதான், பேச்சுல மூச்சு விடவே மாட்டாரு.

"மேடம், நீலக் கதவு பிரிண்ட் கெடச்சிருச்சு! ஒரு குடோன்ல டப்பாக்குள்ள இருந்துச்சாம், கழுவி, சரி பண்ணி, புதுசாட்டம் ஆக்கிருக்காங்க. ஞாயித்துக்கெழம காலைல பத்தரைக்கு நம்ம தியேட்டர்ல போடறோம். படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்க பத்து நிமிஷம் அந்தக் கட்டப் பத்திப் பேசணும். போஸ்டரே 'அந்த ஒரு கட்'னு அடிச்சாச்சு. அப்புறம் இன்னொண்ணு, உக்காந்துட்டுதான கேக்கறீங்க? எடிட்டரம்மா வராங்க."

நின்னுட்டிருந்தவ உக்காந்துட்டா. மூணு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பேசிப் பாத்தா. "வணக்கம் மேடம்... இல்ல, அம்மான்னு சொல்லலாமா? அம்மா, ஒங்க டக்... ச்சே, ஒங்க டக்கா? எங்க டக்கா?" ஸ்டூடியோ அண்ணன் எட்டிப் பாத்து, "ஏய் ரிமோட், வாத்து மாதிரி கத்தாம அந்த ரிசப்ஷன முடி"ன்னாரு.

சனிக்கெழம மத்தியானம் செகரட்டரி ஒரு தகவல் அனுப்பினாரு. படம் ரெண்டு மணி இருபத்தியோரு நிமிஷம், இன்டர்வல் எங்க விடலாம்? இவ, வீட்டு டேப்புலேர்ந்து கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருந்த படத்தப் பாத்தா. ரெண்டு மணி பன்னண்டு நிமிஷம்.

ஒன்பது நிமிஷம் கம்மி.

மொதல்ல எழுத்து போடற இடம் வெட்டிருக்கும்னு நெனச்சா. இல்ல, இருக்கு. பாட்டு போயிருக்கும்னு நெனச்சா. ரெண்டு பாட்டும் இருக்கு. சும்மா ஒரு சந்தேகத்துல அந்த டக்குக்குப் போயி, ஃப்ரேம் ஃப்ரேமா நகத்தினா. தாழ்ப்பாள். தாழ்ப்பாள். தாழ்ப்பாள். ரயில். அந்த ரெண்டுக்கும் நடுவுல, படத்தோட அடி ஓரத்துல, ஒரு மெல்லிசுக் கோடு நெளிஞ்சுது. ஒரே ஒரு ஃப்ரேம்ல கலர் லேசா கரஞ்சு வழிஞ்சுது.

அவ அத ஏற்கனவே பாத்திருக்கா. டேப்பு தேஞ்சிருக்கும்னு விட்டுட்டா. ஆனா இன்னைக்கு அப்படி விட முடியல. ஏன்னா பழைய கல்யாண டேப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தறது அவ வேலதான். எவனாவது ஒரு மச்சான் தாலி கட்டற நேரம் பாத்து மேல மேட்ச்ச ரெக்கார்ட் பண்ணி வச்சிருப்பான். அப்படி ரெக்கார்ட் ஆரம்பிச்ச இடத்துலெல்லாம் இதே தழும்பு இருக்கும். தேஞ்ச டேப்பு இப்படி இருக்காது. ரெண்டு வீடியோ டெக் வச்சு ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு ஒட்டின டேப்புதான் இப்படி இருக்கும். ரயில் ஜன்னல் டக்க எடுத்துத் தாழ்ப்பாள் டக் மேல வச்சுப் பாத்தா. சத்தத்தோட அலை அச்சு அசலா ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துச்சு. ரயில் ஜன்னல்ல கேக்கறதும் அந்தத் தாழ்ப்பாள்தான்.

இந்த டேப்ப வீட்டுக்குக் கொண்டு வந்தது யாரு? அப்பா. அப்போ அப்பாக்கு வேல எங்க? கேசட் வாடகைக் கடைல, கேசட் காப்பி போடற எடத்துல.

அவ செருப்ப மாட்டினாளோ இல்லையோ, அப்பா கடைல போயி நின்னா.

அப்பா இப்போ ஒரு செல்போன் கடைல கண்ணாடி ஒட்றவரு. ஒரு பொட்டுக் காத்துக்குமிழி இல்லாம ஒட்டுவாரு, அதுக்குன்னே மூணு தெரு தள்ளிலேர்ந்து வருவாங்க. மூச்சப் புடிச்சுட்டு ஒரு போன்மேல குனிஞ்சிருந்தாரு.

"அப்பா, அந்த டக் யாரு போட்டது?"

அவர் நிமிரல. கண்ணாடிய மெதுவா படிய விட்டாரு. ஓரத்தத் தொடச்சாரு. அப்புறம் சொன்னாரு. "கண்டுபுடிச்சிட்டியா?"

"அப்பா!"

"கத்தாத. கஸ்டமர் பயந்திருவாங்க."

"ரெண்டு லட்சம் பேர் பாத்த வீடியோப்பா! நீங்களும் பாத்தீங்க. என் வீடியோல அது ஒண்ணுக்குத்தான் லைக்கே போட்டீங்க!"

"லைக் மட்டுமா? முப்பது தடவ பாத்தேன்." அவர் முகத்துல திருட்டுச் சிரிப்பு ஒண்ணு வந்துச்சு. "இருபத்தியோரு வருஷம் கழிச்சு என் வேலைய ஒருத்தி உக்காந்து இருபது நிமிஷம் பாராட்றா. கால்ல விழலாங்கறா. எப்படிம்மா மனசு வந்து வேணாங்கறது?"

அவளுக்குச் சிரிப்பு வருதா அழுக வருதான்னே தெரியல. ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தா. "ஏன்பா வெட்னீங்க?"

அவர் அடுத்த போன எடுத்தாரு, தொடச்சாரு, ஒட்டாம அப்படியே கைல வச்சுகிட்டாரு. "அப்போ உங்கம்மா அஞ்சு மாசமா ஆஸ்பத்திரில. நீ தெனம் ஸ்கூல் விட்டு வந்ததும் இந்தப் படத்தத்தான் போடச் சொல்லுவ. அந்த அம்மா தைக்கறது, பொண்ணுக்கு முத்தம் குடுக்கறது, அதெல்லாம் உனக்குப் பாக்கணும். அந்த இடம் வந்தா நான் வேகமா ஓட்டுவேன். ஒரு நா நீ கேட்ட, 'ஏன்பா ஓட்ற, அங்க என்ன இருக்கு?'ன்னு. மறுநா மத்தியானம் கடை ஷட்டர எறக்கிட்டு ஒக்காந்துட்டேன்."

"அவ்ளோ சுத்தமாவா வெட்னீங்க?"

"லேசா குதிச்சாக்கூட நீ கேப்பியே! பதினேழு தடவ போட்டேன். பதினேழாவதுலதான் நீ கேக்கல."

"அந்த ஒன்பது நிமிஷத்துல என்னப்பா இருக்கு?"

"தெரியாது. அந்தம்மா செத்துப்போவான்னு டேப் வாங்கிட்டுப் போனவங்க பேசிகிட்டாங்க, அவ்ளோதான். அந்த இடம் ஓடும்போது நான் டிவியத் திருப்பி வச்சுட்டேன். டெக்ல ஓடற நம்பர மட்டும்தான் பாத்தேன்." அப்புறம் குரலத் தாழ்த்தினாரு. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. அந்த அஞ்சு மாசமும் அவகிட்ட, 'ஒண்ணுமில்ல, எனக்குப் பயமே இல்ல'ன்னு சொல்லிட்டே இருந்தேன். அத நம்பித்தான் அவ தூங்குவா."

திரும்பி நடந்து வரும்போது அவளுக்குக் காலே தரைல படல. சந்தோஷத்துல இல்ல. நாளைக்கு எடிட்டரம்மா முன்னாடி நின்னு, அவங்க போடாத கட்டுக்கு அவங்களையே பாராட்டணும். அதாவது, அவங்க சேத்த ஒன்பது நிமிஷத்தத் தூக்கி எறிஞ்சதுக்குப் பாராட்டணும். உண்மையச் சொன்னா சேனல் மானம் போகும், அதக்கூட தொலயட்டும்னு விட்டுடலாம். அம்மா மொத வரிசைல உக்காந்திருப்பாங்க. அப்பா இருபத்தியோரு வருஷமா காப்பாத்தின ஒரு பொய்ய, மகளே மைக் புடிச்சு ஒடைக்கணும். பொய் சொன்னா எடிட்டரம்மாக்குப் பதில் சொல்லணும், நெஜம் சொன்னா சொந்த அம்மாக்கு.

ஞாயித்துக்கெழம தியேட்டர் வாசல்ல செகரட்டரி ஓடி வந்தாரு. "மேடம், ஹவுஸ்ஃபுல்! மைக் ரெடி!"

"நான் படம் முடிஞ்சு பேசறேனே."

"ஐயோ, நோட்டீஸ்ல முன்னாடின்னு..."

"தொண்ட கட்டிருக்கு. ரெண்டு மணி நேரத்துல தொறந்துக்கும்."

"அதெப்படி மேடம் கரெக்டா ரெண்டு மணி நேரத்துல?" ஆனா அவருக்கு நிக்க நேரமில்ல, ஓடிட்டாரு.

மொத வரிசைல நாலாவது சீட்ல வெள்ள முடிய ஒட்ட வெட்டின ஒரு அம்மா, கான்வாஸ் ஷூ போட்டுகிட்டு, கால ஆட்டிட்டு உக்காந்திருந்தாங்க. எடிட்டரம்மா. இவ வணக்கம் வச்சா. அவங்க மேல கீழ பாத்துட்டு, "டக் பொண்ணு நீதானா?"ன்னாங்க. அவ்ளோதான். இவ போய்த் தன் சீட்ல விழுந்தா. அவளுக்கும் அப்பாக்கும் நடுவுல அம்மா.

விளக்கு அணஞ்சுது.

சத்தியமா சொல்றேன், நாப்பது தடவ பாத்தவ அந்தப் படத்த அப்போதான் மொதத் தடவயா பாத்தா. டிவில சாம்பலாத் தெரிஞ்ச கதவு உண்மையாவே நீலமா இருந்துச்சு. எவ்ளோ நீலம்! வெயில் பட்ட எடத்துல ஒரு நீலம், நெழல் பட்ட எடத்துல ஒரு நீலம். துணில ஊசி எறங்கும்போது அந்தம்மா கண்ணு ஒவ்வொரு தடவையும் லேசா சுருங்குது, அது அவ்ளோ பெரிய திரைலதான் தெரியுது. "இத்தன நாளா போர்வைக்கு அடிலேர்ந்தா பாத்தேன்?"ன்னு நெனச்சா. அவ கை மடியிலேயே கெடந்துச்சு. ஒரு வார்த்த பேசல. அம்மாவே ரெண்டு தடவ திரும்பி, ஒடம்பு சரியில்லையான்னு நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க.

அந்த மத்தியானம் வந்துச்சு. கை. தாழ்ப்பாள். டக்.

ரயில் வரல.

அந்த அம்மா உள்ள நடந்து போறா. மிஷின்ல உக்கார்றா. மகளோட பள்ளிக்கூடச் சட்டையத் தைக்கறா. ஒரு கை தச்சாச்சு, இன்னொரு கைத்துணி பக்கத்துல இருக்கு. அவ முகத்தக் காட்டவே இல்ல. மிஷினோட சக்கரத்த மட்டும் காட்டறாங்க. சுத்துது. சுத்துது. மெதுவாகுது. நின்னுபோச்சு.

அழுக இல்ல. டாக்டர் இல்ல, கண்ணாடி கழட்டல. பாட்டு இல்ல. கதவத் தட்ற சத்தம் மட்டும். அடுத்து நாற்காலிங்க. பக்கத்து வீடுகள்லேர்ந்து ஒவ்வொண்ணா உள்ள வருது. வெறும் காலு, வெறும் நாற்காலி. கொஞ்ச நேரம் கழிச்சு ஒவ்வொண்ணா வெளிய போகுது. காலியான தரைல நாற்காலிக் கால் இழுத்த கோடுங்க. அந்தக் கோட்டு மேல சின்னப் பொண்ணு நடந்து வரா. ஒரு கை மட்டும் தச்ச சட்டையப் போட்டுகிட்டு ஸ்கூலுக்குப் போறா. டீச்சர் பாக்கறாங்க, ஒண்ணும் சொல்லல. பொண்ணு வெக்கத்துல, தச்சிருந்த கையையும் மேல வரைக்கும் மடிச்சு விட்டுக்கறா.

அந்த மடிச்ச கையத்தான் ரிமோட் ரெண்டு லட்சம் பேருக்குக் காட்டிச் சிரிச்சா.

சாயங்காலம் டியூட்டி முடிஞ்சு வந்த அப்பா மிஷின் முன்னாடி உக்கார்றாரு. அந்த இன்னொரு கையத் தைக்கணும். பஸ்ஸத் திருப்பற அவ்ளோ பெரிய கைக்கு ஊசில நூல் கோக்க வரல. நனைக்கறாரு, முறுக்கறாரு, வரல. பொண்ணு வாங்கி ஒரே தடவைல கோத்துக் குடுக்கறா. அவர் அத மிஷின்ல மாட்டல. தொப்பியக் கழட்டி, நூலோட அப்படியே குத்தி வச்சுக்கறாரு. ஒரு துணிய எடுத்து மிஷின மூடறாரு. அதுக்கப்புறம்தான் ரயில்.

தியேட்டர்ல முந்நூறு பேர் இருந்தாங்க. ஒருத்தர் இருமல. ரிமோட் தன்னையறியாம பின்னாடி திரும்பி மேல பாத்தா. புரொஜக்டர் ரூமோட சின்ன ஓட்டைலேர்ந்து வர்ற வெளிச்சத்துல தூசு மெதந்துட்டிருந்துச்சு. இவ்ளோதானா? இந்த வெளிச்சத்துலயா இதெல்லாம் இருந்துச்சு?

அப்போதான் பக்கத்துல அம்மா கிசுகிசுக்கறது கேட்டுச்சு. "ஏங்க, என்ன பண்றீங்க?"

அப்பா கண்ண இறுக்க மூடிட்டு ஒதட்ட அசச்சுகிட்டிருந்தாரு. "ஐந்நூத்தி முப்பத்தெட்டு... முப்பத்தொம்பது... நாப்பது." கண்ணத் தொறந்தாரு. தெரைல ரயில் ஓடிட்டிருந்துச்சு.

அம்மா பார்சலத் தூக்கினாலே எட எவ்ளோன்னு சொல்றவங்க. அவங்ககிட்ட ரொம்ப நேரம் மறைக்க முடியாது. அவர் முகத்தப் பாத்தாங்க, தெரைய பாத்தாங்க, மகளப் பாத்தாங்க. "நம்ம வீட்டு டேப்புல இது இல்லையே."

அப்பா சீட்டுக்கு அடில செருப்பத் தேடினாரு.

"நான் ஆஸ்பத்திரில இருந்தப்பவா?"

அப்பா தலைய மட்டும் ஆட்டினாரு.

படம் முடிஞ்சு, விளக்குப் போட்டு, செகரட்டரி மைக்ல மூச்சு விடாம இவ பேரச் சொல்லி, இவ எழுந்து நின்னப்போ, அம்மா அவ துப்பட்டாவப் புடிச்சு இழுத்தாங்க. கண்ணு செவந்திருந்துச்சு. "உள்ளது உள்ளபடி சொல்லு. இந்தாளு பயந்தாரு பாரு, அதையும் சேத்துச் சொல்லு. எனக்குக் கேக்கணும்."

ரிமோட் மேடைல ஏறினா. மூணு நாளா மனப்பாடம் பண்ணதுல ஒரு வார்த்தகூட ஞாபகம் வரல.

"நான் பாராட்டின அந்தக் கட் இந்தப் படத்துல இல்லைங்க," அப்படின்னா. "நீங்களே பாத்தீங்க. அது எங்கப்பா போட்டது. கேசட் கடைல ரெண்டு டெக் வச்சு. எனக்கு அப்போ ஆறு வயசு, எங்கம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்க. அவருக்குப் பயமா இருந்துச்சு. அதனால படத்துல வர்ற அம்மாவச் சாக விடல. நான் இத்தன வருஷமா அந்தம்மா எங்கயோ கெளம்பிப் போயிருக்காங்கன்னே நெனச்சுட்டிருந்தேன். அத வச்சுத்தான் உங்க எல்லார்கிட்டயும் அவ்ளோ பெரிய பேச்சு பேசினேன். அந்த மடிச்ச கை, அந்தத் தொப்பி ஊசி... நான் சிரிச்சது எல்லாத்துக்கும் அர்த்தம் இருந்துச்சு. என்ன மன்னிச்சிருங்க."

பின் வரிசைலேர்ந்து ஒரு பெரியவர் எழுந்து நின்னு கத்தினாரு. "நான்தான் அப்பவே கேட்டேனே! உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டுட்டு எப்படிப் போவாங்கன்னு! ரெஸ்ட் எடுக்கச் சொன்ன!"

"மாமா, வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேக்கறேன் மாமா!"

தியேட்டரே சிரிச்சுது. சிரிப்பு அடங்கறதுக்குள்ள நாலாவது சீட்லேர்ந்து எடிட்டரம்மா எழுந்தாங்க. சிரிப்பு பட்டுன்னு நின்னுச்சு.

"அந்த வீடியோவ நான் ஆறு மாசம் முன்னாடியே பாத்துட்டேன்," அப்படின்னாங்க. மைக்கே தேவப்படாத குரல். "யாருடா அது என் படத்துல கை வச்சவன்னு பத்திகிட்டு வந்துச்சு. இந்த முட்டிய வச்சுகிட்டு இங்க வரைக்கும் வந்ததே அந்த ஆளக் கண்டுபுடிக்கத்தான். எங்க அவரு?"

அப்பா எழுந்து நின்னாரு. பள்ளிக்கூடத்துல எழுப்பி விட்ட மாதிரி கையக் கட்டிகிட்டாரு.

"தம்பி, ரெண்டு ஃப்ரேம் லேட்டா வெட்டிருக்கீங்க."

"டெக்கு புடிக்கவே ரெண்டு ஃப்ரேம் எடுத்துக்கும்மா. அதுக்கு முன்னாடியே அமுக்கினா தாழ்ப்பாள் பாதில நின்னுரும்."

எடிட்டரம்மா தலைய ஒரு பக்கமா சாச்சாங்க. "அந்த சத்தம்?"

"ரயிலுக்குன்னு அங்க பெருசா ஒரு கூவல் வருதுங்க. கொழந்த தூக்கிவாரிப் போட்டுப் பயந்திரும். அதுக்கு மேல தாழ்ப்பாளையே இன்னொரு தடவ ஏத்தினேன். வீட்டுச் சத்தமாச்சே, கேட்டா பயம் வராதுன்னு..."

அந்தம்மா தன் விரல்கள ஒண்ணோட ஒண்ணு தேச்சுகிட்டாங்க, ஃபிலிமப் புடிச்சுப் பாக்கற மாதிரி. "எத்தன தடவ போட்டுப் பாத்தீங்க?"

"பதினேழு."

"நான் அந்த ஒன்பது நிமிஷத்துக்குப் பதினோரு நாள் ஒக்காந்தேன். நாற்காலிங்க வெளிய போற எடத்துக்கு மட்டும் மூணு நாள்." கோவம்னு சொல்ல முடியல, கோவம் இல்லைன்னும் சொல்ல முடியல. "அத வெட்டினீங்களே, ஒரு தடவயாவது பாத்தீங்களா?"

"இல்லைங்கம்மா."

"இன்னைக்கு?"

அப்பா தரைய பாத்தாரு. அம்மாதான் உக்காந்த எடத்துலேர்ந்து பதில் சொன்னாங்க. "எங்க பாத்தாரு? கண்ண மூடிட்டு ஐந்நூத்தி நாப்பது வரைக்கும் எண்ணிட்டிருந்தாரு!"

மறுபடி சிரிப்பு. ஆனா எடிட்டரம்மா சிரிக்கல. மேடைல நின்னுட்டிருந்த ரிமோட்டுக்கு அவங்க முகம் நேராத் தெரிஞ்சுது. அவ பழைய படத்துல தேடித் தேடிப் புடிக்கற முகம் அது. அசந்து போன முகம். எழுபத்தெட்டு வயசுல, வாழ்க்க பூரா வெட்டி ஒட்டின ஒருத்தங்க, கண்ண மூடிட்டு எண்ணின ஒரு கண்ணாடி ஒட்றவரப் பாத்து அசந்து போயி நின்னாங்க.

"அடுத்த ஷோ எப்போ?"ன்னு செகரட்டரியக் கேட்டாங்க.

"ரெண்டரைக்கு மேடம். ஆனா உங்களுக்கு கார் இப்பவே..."

"காரு நிக்கும். தம்பி, சாப்ட்டு வந்து என் பக்கத்துல உக்காருங்க. கண்ண மூடினீங்கன்னா கிள்ளுவேன்."

ரெண்டரை ஷோவுல பாதி சீட் காலி. நாலு பேரும் ஒரே வரிசை. எடிட்டரம்மா, அப்பா, அம்மா, ரிமோட். அப்பா இன்டர்வல் வரைக்கும்கூட காத்திருக்க முடியாதவரு மாதிரி சீட் கைப்புடிய இறுக்கிப் புடிச்சிருந்தாரு. மத்தியான வெயில் வந்துச்சு. கை வந்துச்சு. தாழ்ப்பாள் விழுந்துச்சு. அந்த அம்மா உள்ள நடந்து போனா.

அப்பா கிசுகிசுத்தாரு. "இப்ப என்னாகும்?"

ரிமோட் வாயத் தொறந்தா. அம்மா அவ தொடைல ஒரு தட்டுத் தட்டி அடக்கிட்டு, அப்பா பக்கம் நல்லா சாஞ்சு உக்காந்தாங்க.

"பாருங்க," அப்படின்னாங்க. "நான் இங்கதான் இருக்கேன்."

அவர் பாத்தாரு.